20 வாட் 15 வாட் ஆனது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் காரைக்குடிக் கடையில் செய்து விற்கும் சிறிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் சென்ற ஆண்டுவரை 'ஒரு சேனலுக்கு 20 வாட்' என்று எழுதியிருந்தோம். இந்தத் தை மாதம் முதல் அதே பெட்டியில், அதே ஐ.சி.யை (ஒலியைப் பெருக்கும் சிறு சில்லை) வைத்து, '15 வாட்' என்று எழுதி விற்கிறோம். விலையைக் குறைக்காமல் வாட்டை மட்டும் குறைத்துவிட்டீர்களே என்று நேரிலும் தொலைபேசியிலும் பலர் கேட்டுவிட்டார்கள். கேட்பது நியாயம். கடை வாசலில் நின்றபடி இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற காரணம் இல்லை என்பதால் முழுவதையும் இங்கே எழுதுகிறோம். பழைய 20 வாட் செட் வைத்திருப்பவர்கள் கடைசிவரை படிக்க வேண்டுகிறோம்.

சென்ற ஐப்பசியில் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி, தம் பேரன் கையில் ஒரு செட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். விடியற்காலையில் பக்திப் பாடல் போடுவதற்காக எங்களிடம் வாங்கியது. பாட்டு மெல்லிய சத்தத்தில்தான் ஓடிக்கொண்டிருந்ததாம்; திடீரென்று 'பட்' என்று ஒரு சத்தம், அதோடு எல்லாம் நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்தால், இடது சேனல் ஐ.சி.யின் முகத்தில் மிளகளவுக்கு ஒரு பள்ளம்; அதைச் சுற்றிக் கரி. ஃபியூஸ் உடனே போனதால் ஸ்பீக்கர் தப்பித்தது. போலி ஐ.சி. ஒன்று எங்களையும் ஏமாற்றிவிட்டது போலும் என்று எண்ணி, வேறொன்றை மாற்றிக் கொடுத்தனுப்பினோம். இருபது நாள் கழித்து அதே செட் திரும்பி வந்தது. இம்முறை வலது சேனல்.

ஒரே செட் இரண்டு முறை அதே வகையில் போனால் குறை ஐ.சி.யில் இல்லை, நம்மிடம் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். செட்டைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு, பாட்டு போடும் நேரத்துக்கே ஆச்சி வீட்டுக்குப் போனோம். விடியற்காலை நாலரை மணிக்கு அவர்கள் வீட்டுப் பிளக்கில் மல்டிமீட்டர் 254 வோல்ட் காட்டியது. தெருவின் மின்மாற்றி மிக அருகில், அடுத்த முனையிலேயே இருக்கிறது. ஊர் உறங்குகிற நேரத்தில் மின்சாரத்தை இழுக்க ஆள் இல்லாததால் வோல்டேஜ் ஏறி நிற்கிறது. பகலில் எங்கள் கடையில் 225, 230 என்று பார்த்துப் பார்த்துச் செய்த செட்டுக்கு இந்த நேரம் பழக்கமே இல்லை.

கணக்கு இதுதான். பழைய செட்டில் இருந்தது 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர், அதாவது நடு முனையிலிருந்து இரு பக்கமும் 18 வோல்ட் தருவது. 18 வோல்ட் என்பது ஏ.சி. (மாறுதிசை மின்சார) அளவு, டயோடு பிரிட்ஜைக் கடந்து டி.சி. (நேர்திசை மின்சாரம்) ஆகிப் பெரிய கெப்பாசிட்டர்களில் நிரம்பும்போது அது அலையின் உச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், அதாவது 1.414 மடங்காகும். டயோடில் போவது போக ஒரு பக்கத்துக்கு 24½ வோல்ட் அளவில் நிற்கும். அது முழு லோடில், 230 வோல்ட்டில். லோடு இல்லாமல் சும்மா ஓடும்போது சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் சுமார் பத்து சதவீதம் கூடுதலாகவே தரும்; வீட்டு மின்சாரம் 254க்கு ஏறினால் மேலும் பத்து சதவீதம். இரண்டும் சேர்ந்து அன்று நாங்கள் அளந்தது பிளஸ் 30.2, மைனஸ் 30.3 வோல்ட். நாங்கள் பயன்படுத்தும் எல்எம் 1875 ஐ.சி.க்கு, பிளஸ் முனைக்கும் மைனஸ் முனைக்கும் இடையே 60 வோல்ட்தான் எல்லை என்று அதைச் செய்தவர்கள் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆச்சி வீட்டில் நின்றது 60.5. வால்யூமைக் குறைத்து வைத்தால் செட்டுக்கு நல்லது என்று நாம் எல்லோரும் நினைப்போம். இந்த விஷயத்தில், குறைந்த சத்தமும் விடியற்காலையும் சேர்ந்ததுதான் வினையாயிற்று.

ஆகவே இப்போது 15-0-15, 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கிறோம். அதே வீட்டில், அதே நேரத்தில், இது ஒரு பக்கத்துக்கு 25 வோல்ட் அளவிலேயே நிற்கிறது. பிளஸ் மைனஸ் 25 என்பது அந்த ஐ.சி. நிம்மதியாக வேலை செய்கிற அளவு. இதற்குக் கொடுக்கும் விலை, சேனலுக்கு 5 வாட்.

அந்த 5 வாட் காதுக்கு எவ்வளவு என்று கேட்டால், ஒன்றேகால் டெசிபல். சத்தத்தைக் காது உணர்வது வாட்டுக்கு நேர்விகிதத்தில் இல்லை. வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். கேட்பவருக்கு 'இரட்டிப்புச் சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் 20க்கும் 15க்கும் உள்ள வித்தியாசத்தை, இரண்டு செட்டையும் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினாலும் சட்டென்று சொல்லிவிட முடியாது. கடைக்கு வந்தால் போட்டுக் காட்டுகிறோம். அதே வேளையில், 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு (1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அது தரும் சத்தம்) பதிலாக 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், வாட்டை இரட்டிப்பாக்கிய பலன் அப்படியே கிடைத்துவிடும். ஸ்பீக்கர் வாங்கும்போது அளவையும் விலையையும் பார்க்கிறவர்கள், பின்பக்கத்து அட்டையில் இந்த எண்ணையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வளவிலும் (உள்முற்றப் பகுதியிலும்) வீட்டு முகப்பிலும் பாட்டு தெளிவாகக் கேட்கவில்லை, பெரிய செட்டாகக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடிபோலத் தேய்த்த சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயர்ந்த கூரை: இவை ஒலியை உறிஞ்சாமல் திருப்பித் திருப்பி அனுப்பும். ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுவதுதான் அங்கே குறை. வாட்டைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுத்து, உட்காருமிடத்துக்கு அருகே காது உயரத்தில் வையுங்கள். தரையில் ஒரு கனத்த ஜமுக்காளத்தை விரியுங்கள். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் இவ்வளவையும் செய்துவிட்டு, பழைய செட்டிலேயே வால்யூமைக் குறைத்துவிட்டு வந்தோம். புதிதாக எதுவும் விற்கவில்லை.

இனி, ஒவ்வொரு செட்டும் எங்கள் மேசையைவிட்டு இறங்குமுன் என்ன படுகிறது என்பதை எழுதுகிறோம். இனிமேல் செட்டோடு ஒரு சோதனைத் தாளும் தருவதால், அதில் உள்ள எண்கள் உங்களுக்குப் புரிய வேண்டும்.

ஐ.சி.யின் முதுகிலுள்ள உலோகத் தகடு உள்ளுக்குள்ளேயே மைனஸ் சப்ளையோடு இணைந்தது. அதை அலுமினிய ஹீட் சிங்கில் (சூட்டை வாங்கி வெளிவிடும் உலோகத் துண்டில்) அப்படியே திருகினால், பெட்டியைத் தொட்ட இடத்தில் சப்ளை ஷார்ட் ஆகிவிடும். அதனால் நடுவே மைகாத் தாளும், திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் போடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், அவசரத்தில் துளை போட்டுவிட்டு அதன் விளிம்பைத் தடவிப் பார்க்காமல் ஐ.சி.யை இறுக்கினோம், மயிரிழை அளவு அலுமினியப் பிசிறு மைகாவைக் குத்திக் கடந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் புகைந்த வாடை மூன்று நாள் கடையைவிட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு துளையையும் பெரிய டிரில் நுனியால் கையிலேயே ஒரு சுற்று சுற்றிப் பிசிறு எடுத்து, விரல் நுனியால் தடவிப் பார்த்து, திருகிய பிறகு தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்க்கிறோம். தாளின் முதல் வரியில் 'தொடர்பு இல்லை' என்றிருப்பது இதைத்தான்.

முதன்முதலாக மின்சாரம் கொடுப்பது சீரிஸ் போர்டு வழியாக. 60 வாட் குண்டு பல்பு ஒன்று செட்டோடு தொடராக இருக்கும். சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கெப்பாசிட்டர் நிரம்ப நிரம்ப மங்கி, கம்பி சிவப்பாகத் தெரிகிற அளவுக்கு அடங்க வேண்டும். பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட், ஐ.சி. போவதற்கு முன்பே பல்பு அதைச் சொல்லிவிடும். வீட்டில் தாமே செட் செய்து பார்க்கிற கல்லூரி மாணவர்கள் ஒரே ஒரு சாதனம்தான் வாங்க முடியும் என்றால், இந்தப் பல்பு போர்டை முதலில் செய்துகொள்ளுங்கள் என்போம்.

அடுத்து, ஸ்பீக்கர் மாட்டாமலேயே அவுட்புட்டில் டி.சி. இருக்கிறதா என்று பார்ப்பது. 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது; 50ஐத் தாண்டினால் அந்தப் போர்டை ஒதுக்கிவிடுகிறோம். பாட்டு இல்லாத நிலையில் ஒரு ஐ.சி. இழுக்கும் கரண்ட் சுமார் 70 மில்லிஆம்பியர் இருக்க வேண்டும். சப்ளை வயரில் 10 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, அதன் இரு முனையிலும் 0.7 வோல்ட் வருகிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். பாட்டே இல்லாதபோது இந்த எண் மிகவும் ஏறி ஐ.சி.யும் கொதித்தால், காதுக்குக் கேட்காத உயர் அலைவரிசையில் அது தானாகவே ஊளையிடுகிறது என்று பொருள். அவுட்புட்டில் இருக்கும் 1 ஓம் ரெசிஸ்டர், 0.22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஜோடியும், ஐ.சி.யின் காலடியிலேயே இருக்க வேண்டிய 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களும் அதைத் தடுப்பதற்குத்தான். சத்தத்தைக் குறைக்க, பெருக்கத்தை நிர்ணயிக்கும் 20 கிலோஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டுச் சிறியதைப் போட்ட ஒரு தம்பியின் செட் இப்படித்தான் வந்தது. இந்த ஐ.சி.யின் பெருக்கம் 10 மடங்குக்குக் கீழே போகக் கூடாது. நாங்கள் 21 மடங்கில் வைத்திருக்கிறோம். சத்தம் குறைய வேண்டுமென்றால் வால்யூம் கண்ட்ரோலில் குறையுங்கள்.

பிறகு ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை மாட்டி, 1000 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்து, ஆசிலாஸ்கோப் திரையில் அலையின் தலை தட்டையாகத் தொடங்கும் இடம்வரை ஏற்றுகிறோம். இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓடும்போது, தலை தட்டையாவதற்குச் சற்று முன்னால் 11 வோல்ட் வருகிறது. 11ஐ 11ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 15. முகப்பில் எழுதியிருக்கும் எண் இப்படி வந்தது. கடைத்தெருவில் இதே அளவுப் பெட்டியில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' (கணநேர உச்சத் திறன்) என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணை அளப்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட குழப்பத்தால்தான் அமெரிக்காவில் கூட்டரசு வணிக ஆணையம் 1974இல், ஆம்ப்ளிஃபையரின் வாட்டை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதியே வகுத்தது. உங்களுக்கு எளிய வழி ஒன்று: பெட்டியின் பின்னால் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 1 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் தொடர்ச்சியாகச் சுமார் 230 வாட்டுக்கு மேல் அதற்குள் அதிகம் போக வழியில்லை. உள்ளே போகாதது வெளியே வராது.

கடைசியாக, சூடு. முழு வால்யூமில்தான் ஐ.சி. அதிகம் சூடாகும் என்று நினைப்பது இயல்பு. இவ்வகை ஆம்ப்ளிஃபையர், தன் முழுத் திறனில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தில் ஓடும்போதுதான் அதிகம் சூடாகும். ஆகையால் அந்த அளவில் ஒரு மணி நேரம் மூடிய பெட்டிக்குள் ஓடவிடுகிறோம். சித்திரையில் நம் பக்கத்தில் நிழலிலேயே 40 டிகிரி இருக்கும். அதன்மேல் முப்பது ஏறினால் ஹீட் சிங்க் 70. கையை வைத்து இரண்டு விநாடிகூடத் தாங்க முடியாது, ஆனால் ஐ.சி.க்கு அது ஆபத்தில்லை. அலங்காரத்துக்காகச் செட்டின்மேல் பின்னல் துணி போர்த்திவைத்து மேல்துளைகளை மூடிவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும்.

இரைச்சலைப் பற்றிச் சுருக்கமாக: 'உம்' என்று அடிக்குரலில் வந்தால் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமோ எர்த் வயர் வளையமோ காரணம், சற்று உரத்து 'ர்ர்' என்று வந்தால் 100 ஹெர்ட்ஸ், கெப்பாசிட்டரை நிரப்பும் கரண்ட் தவறான வயர் வழியாகப் போகிறது. எர்த் வயர்கள் அனைத்தையும் ஒரே திருகில் சேர்க்கிறோம். டிரான்ஸ்ஃபார்மரை இறுக்குமுன், காதை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு அதைக் கையால் மெல்லத் திருப்பிப் பார்க்கிறோம். ஒரு விரற்கடை திரும்பியதும் உம் என்ற ஒலி கிணற்றில் விழுந்ததுபோல் மறைகிற இடம் ஒன்று இருக்கும். திருகு அங்கேதான்.

முகப்பில் '20 வாட்' என்று எழுதிய செட் உங்களிடம் இருந்தால், அது இன்று நன்றாக ஓடினாலும் தயவுசெய்து கடைக்குக் கொண்டுவாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரைச் செலவில்லாமல் மாற்றி, மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றையும் மறுபடி செய்து, தாளோடு தருகிறோம். சோதனைக்கு நேரம் வேண்டியிருப்பதால் செட் ஒரு நாள் எங்களிடம் இருக்கும். ஸ்பீக்கரைக் கொண்டுவர வேண்டியதில்லை. அதுவரை இரவில் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள். விடியற்காலையில் போட வேண்டாம். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியாக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் அலைய வேண்டாம். ஒரு சொல் சொல்லியனுப்பினால் போதும், தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வியாழக்கிழமைதோறும் எங்கள் ஆள் வந்து எடுத்துப்போய், அடுத்த வியாழன் கொண்டுவந்து மாட்டிக் கொடுப்பார்.

இப்படிக்கு,
கடையினர்,
காரைக்குடி