இரவு நிறுத்தத்தில் நான்கு இட்லி: போக்குவரத்துக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைதூர இரவுப் பேருந்துகளை இயக்கும் போக்குவரத்துக் கழகங்களின் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

இரவு உணவுக்காகத் தங்கள் பேருந்துகள் நிற்கும் நெடுஞ்சாலை உணவகங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகின்றன, வண்டி ஒன்றுக்கு அவை எவ்வளவு செலுத்துகின்றன, அவற்றைப் பற்றி எத்தனை புகார்கள் வந்து குவிந்திருக்கின்றன என்பதெல்லாம் என்னைவிடத் தாங்கள் நன்கு அறிந்தவை. ஆகவே பழைய கதைக்குள் போகாமல், சென்ற மாதம் எங்களுக்கு நேர்ந்ததை மட்டும் எழுதி, ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். இரவு நிறுத்தங்களில் இட்லி கிடைக்க வேண்டும்.

கண் பரிசோதனைக்காகச் சென்னைக்கு வந்திருந்த என் தாயாரைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தேன். அவருக்கு வயது 74. பிறந்தது முதல் சைவம். கிளாம்பாக்கத்தில் இரவு 8.15 மணிக்குப் புறப்பட்ட வண்டி, செங்கல்பட்டையும் திண்டிவனத்தையும் கடந்து, 10.50 மணிக்கு நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றின் முன் நின்றது. சர்க்கரை நோய்க்கான மாத்திரையை உணவுக்குச் சற்று முன்னதாக விழுங்க வேண்டும், விழுங்கியபின் வயிற்றைக் காயவிடக் கூடாது என்பது அவருக்கு மருத்துவர் இட்ட கட்டளை. நடத்துநர் இருபது நிமிடம் நிற்கும் என்று அறிவித்ததும், வழக்கம்போல மாத்திரையை விழுங்கிவிட்டே படியிறங்கினார்.

விலைப்பலகையில் முதல் வரியே இட்லிதான். நான்கு இட்லி கேட்டேன். "இட்லி முடிஞ்சிருச்சு சார், பரோட்டா இருக்கு, முட்டை தோசை இருக்கு" என்றார் பரிமாறுபவர். சாதா தோசையாவது கிடைக்குமா என்று கல்லருகே போய்ப் பார்த்தேன். அப்போதுதான் ஆம்லெட்டை வழித்தெடுத்த அதே கல்லில், அதே தோசைத் திருப்பியோடு, அடுத்த மாவை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா யாரையும் குறை சொல்பவர் அல்லர். "வேண்டாம்ப்பா, பழம் இருந்தா வாங்கு" என்றார். சர்க்கரை நோயாளி ஒருவரின் இரவு உணவு அன்று இரண்டு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டுமாக முடிந்தது.

கை கழுவும் இடம் சமையற்கட்டை ஒட்டி இருந்ததால் இன்னொன்றையும் பார்க்க நேர்ந்தது. அங்கே பெரிய இட்லிக் கொப்பரை ஒன்று இருந்தது. அதற்குள் எண்ணெய் தடவிய பரோட்டா மாவு உருண்டைகளை அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட இட்லி அன்றைக்குத் தொடங்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். ஊரிலிருந்து வரும்போது அப்படித்தான் வந்தோம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் மடித்த இட்லி மறுநாள் காலைவரை கெடாமல் இருந்தது. திரும்பும்போது விடுதி அறையில் அடுப்புக்கு எங்கே போவது? மருத்துவமனைக்கும் துக்க வீட்டுக்கும் நேர்காணலுக்கும் போய்த் திரும்புகிறவர்கள்தாம் தங்கள் இரவு வண்டிகளில் பெரும்பாலும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் தூக்குவாளி இருக்காது.

இட்லி அவிப்பதில் அப்படி என்ன இடைஞ்சல் என்று யோசித்துப் பார்த்தேன். ஓர் ஈடு வேக பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பது உணவகத்துக்கு முன்கூட்டியே தெரியும்; தெரியாவிட்டால் ஓட்டுநர் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடலாம். வண்டிக்குப் பின் வண்டியாக வந்து நிற்கும் இடத்தில் மாவு மீந்து புளித்துப்போகும் என்றும் யாரும் சொல்ல முடியாது. இட்லியில் பெரிதாக லாபம் இல்லை, பரோட்டாவில் உண்டு. பசித்த பயணி அந்த இருபது நிமிடத்தில் வேறெங்கும் போக முடியாது. எனக்குத் தெரிந்தவரை காரணம் இவ்வளவுதான். நான் காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் குடலை இட்லியையா கேட்டேன்? மந்தாரை இலையும் மூங்கில் குடலையும் வேண்டாம், மிளகும் சுக்கும் வேண்டாம். வெறும் இட்லியும், ஊசிப்போகாத ஒரு சட்டினியும் போதும். 2013 முதல் சென்னையின் அம்மா உணவகங்களில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றுக் காட்டிய மாநிலம் இது. அதே வண்டி விடியற்காலையில் சுற்றிக்கொண்டு போகும் மதுரையில், நள்ளிரவு தாண்டியும் தெருவோரத் தள்ளுவண்டிகளில் ஆவி பறந்துகொண்டிருக்கிறது. நடுவில் இந்த நெடுஞ்சாலை மட்டும் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று தெரியவில்லை.

பிஸ்கட்டுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் ஐந்து ரூபாய் வாங்கினார்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011 ஆம் ஆண்டு விதிகள் அதை அனுமதிக்கவில்லை. ரசீது கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். 2022 ஜனவரி முதல் ரசீதில் இருந்தாக வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை அதில் தேடுவதே வீண். கழிப்பறையைப் பற்றி எழுதினால் இந்த மடலைத் தாங்கள் உணவு வேளையில் படிக்க முடியாது. ஒலிபெருக்கியில் அலறிய பாட்டையும் விட்டுவிடுகிறேன். மன்னிக்க வேண்டும், இட்லிக்குத் திரும்புகிறேன்.

உணவகம் சைவமாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை அன்று. அசைவம் உண்பவர்களும் பயணச்சீட்டு வாங்கித்தான் ஏறுகிறார்கள். ஓட்டுநர், நடத்துநர் மீதும் எனக்கு வருத்தமில்லை; மேலிடம் காட்டிய வாசலில் அவர்கள் நிறுத்துகிறார்கள். தங்கள் ஒப்பந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: கடைசி வண்டி புறப்படும்வரை சூடான இட்லி இருக்க வேண்டும், முட்டைக்குத் தனிக் கல் இருக்க வேண்டும், தவறினால் வண்டி அங்கே நிற்காது. அதற்கு வழியில்லையென்றால், பழையபடி ஊருக்குள் இருக்கும் பேருந்து நிலையத்தில் இருபது நிமிடம் நிறுத்த அனுமதியுங்கள். இட்லிக் கடையை நாங்களே தேடிக்கொள்கிறோம்.

அடுத்த மாதம் 12 ஆம் தேதி மறு பரிசோதனை. முடிந்ததும் அன்றிரவே அதே வண்டியில் அம்மாவோடு திரும்புகிறேன். நான்கு இட்லி வேண்டும் என்று அப்போதும் கேட்பேன். அதற்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பேருந்துகளில் இருபது ஆண்டுகளாகப் பயணம் செய்யும் ஒருவன்