பியாஜேவை அட்டவணையாக மட்டும் படித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் உள்ள 150 வினாக்களில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை. அதற்காகப் பயிற்சி மாணவர்கள், குழந்தையின் சிந்தனை வளரும் விதம் பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகளை வயதோடு சேர்த்து உருப்போடுகிறார்கள். புலன் இயக்க நிலை 0–2, செயலுக்கு முந்தைய நிலை 2–7 என்று போகிறது அந்த அட்டவணை. தேர்வுக்கு அது போதும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன் போய் நிற்கப் போதாது. பயிற்சிக் காலத்திலேயே ஒரு சோதனையையாவது அவர்கள் தாங்களே குழந்தைகளிடம் செய்து பார்க்க வேண்டும்.

செலவில்லாத ஒன்று, தண்ணீர்ச் சோதனை: பாத்திரம் மாறினாலும் நீரின் அளவு மாறாது என்பது பிள்ளைக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர்களும், ஒடுங்கி உயர்ந்த இன்னொன்றும் வேண்டும். எவர்சில்வர் உதவாது, நீர்மட்டம் வெளியே தெரிய வேண்டும். தண்ணீரில் துளி கேசரிப் பவுடர் கலந்து முதல் இரண்டிலும் 150 மில்லி அளவில் ஊற்றி, "ரெண்டுலயும் ஒரே அளவா இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, குழந்தையே "இப்ப சரி" என்று சொல்லும்வரை பொறுத்திருங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். தொடக்கத்தில் சமம் என்று ஏற்காத பிள்ளை பிறகு சொல்லும் விடையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அடுத்து, ஒரு டம்ளர் நீரைப் பிள்ளை பார்க்கவே உயரமானதில் ஊற்றி, "இப்ப ரெண்டும் ஒரே அளவா, இல்ல ஒண்ணுல கூட இருக்கா?" என்று கேட்டு, "ஏன்?" என்பதையும் கேளுங்கள்.

விடையைவிட அந்த 'ஏன்' முக்கியம். "வேற தண்ணி ஊத்தலையே", "திரும்ப அதுல ஊத்துனா பழையபடி ஆயிடும்", "இது உசரம், ஆனா ஒல்லி" என்ற மூன்றில் எது வந்தாலும் அளவு மாறாது என்பது பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது. "இதுல மேல வரைக்கும் இருக்கே" என்றால் உயரத்தை மட்டுமே பார்க்கிறது. சரியாகச் சொல்லிக் காரணம் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகள் நடுவில் நிற்பவர்கள்; அவர்களிடம் இன்னொரு நாள் அகலமான கிண்ணத்தில் ஊற்றிக் கேட்க வேண்டும்.

சோதனை பெரும்பாலும் கெடுவது நம் கேள்வியால்தான். "எது பெருசு?" என்றால் பிள்ளை உயரமான டம்ளரைக் காட்டும், கேட்டதற்கு அது சரியான பதில். "குடிக்கிறதுக்கு எதுல கூட இருக்கு?" என்றும் கேட்கக் கூடாது, ஒன்றில் கூட இருக்கிறது என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். ஒரே கேள்வியைப் பெரியவர் மறுபடி கேட்கும்போது, முதலில் சொன்னது தப்போ என்று பிள்ளை பதிலை மாற்றுவதும் உண்டு. பொருள்களின் வரிசையை மாற்றிய பிறகு ஒரே ஒரு முறை கேட்டால் சரியான விடைகள் கூடுகின்றன என்று ஆய்வாளர்கள் ரோஸும் பிளாங்கும் 1974-இல் காட்டினார்கள். அதே காலத்தில் மெக்காரிகிளும் டொனால்ட்சனும் வில்லைகளின் வரிசையைப் பெரியவருக்குப் பதிலாகக் குறும்புக்காரக் கரடி பொம்மை கலைப்பதுபோல் செய்தார்கள். 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் மிகப் பலர் எண்ணிக்கை மாறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அட்டவணையில் உள்ள 7 வயது என்பது மதில் சுவர் அல்ல. எண்ணிக்கை முன்னே பிடிபடும், நீரின் அளவு அடுத்து, எடை அதற்கும் பின்னால். ஒரே பிள்ளை ஒரே நாளில் புளியங்கொட்டையில் சரியாகச் சொல்லித் தண்ணீரில் தவறலாம்.

எழுத்தறிவும் எண்ணறிவும் வளர்க்கும் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கும் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கு இது நேரடியாக உதவும். ஏழு ஏழு புளியங்கொட்டைகளை இரண்டு வரிசையாக வைத்து, ஒன்றை மட்டும் பரப்புங்கள். பரப்பியதில் கூட இருக்கிறது என்னும் பிள்ளைக்குக் கழித்தல் தாளை நீட்டுவதற்கு முன், கொட்டைக்குக் கொட்டை இணை சேர்க்கும் விளையாட்டு நிறைய வேண்டும். 'மந்தம்' என்ற முத்திரை ஒருபோதும் வேண்டாம். இது அறிவை அளக்கும் கருவியே அல்ல.

பயிற்சியில் ஒவ்வொருவரும் 5, 6, 7 வயதில் இரண்டிரண்டு பேராக ஆறு பிள்ளைகளிடம் இதைச் செய்யச் சொல்லலாம். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் சொன்னதையே அடுத்தவனும் சொல்வான். நடுவில் தலையாட்டுவதோ "சபாஷ்" சொல்வதோ கூடாது. பிள்ளை சொன்ன காரணத்தை, திருத்தாமல், அதன் சொற்களிலேயே பதிவேட்டில் எழுத வேண்டும். செய்முறை மதிப்பெண்ணை அந்தப் பதிவுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர் கல்வி விரிவுரையாளர்கள் இருவர்,
மதுரை