மூங்கில் எக்ஸ்ரேயில் தெரியாது, ஐயா

மாவட்ட மருத்துவமனை நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

பர்மாவில் பெகு நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வேலி மேல் விழுந்து மேலிமையில் மூங்கில் குத்திய என் அக்கா மகனின் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எக்ஸ்ரே எடுத்தீர்கள், ஒன்றும் இல்லை என்றீர்கள், தையல் போட்டு அனுப்பினீர்கள். நான் கேட்பது ஒன்றுதான்: மரமோ மூங்கிலோ குத்திய காயம் என்றால் எக்ஸ்ரேயை மட்டும் நம்பித் தைத்து அனுப்பாதீர்கள்.

அன்று அக்கா அந்த மூங்கிலையும் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். நுனி புதிதாய் ஒடிந்திருந்தது. ஒடிந்த நுனி எங்கே என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். குப்பைத் தொட்டியைக் காட்டினார்கள். பிறகு வாரக்கணக்கில் சீழ். காலையில் ஒட்டிக்கிடக்கும் இமையை வெந்நீரில் நனைத்த துணியால் அவள்தான் பிரித்துவிடுவாள். உங்களிடம் வரும்போதெல்லாம் மாத்திரைதான் மாறியது. கடைசியில் ரங்கூனில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது நுனி கண்குழிக்குள்ளேயே இருந்தது.

உலோகத் துண்டு எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். மரம் பெரும்பாலும் தெரியாது. சி.டி.யிலும் காய்ந்த மரம் காற்றைப் போலக் கறுப்பாகத்தான் விழும். அதனால் ஸ்கேன் சீட்டில் 'மூங்கில் குத்தியது' என்று எழுதி அனுப்பினால்தான் பார்ப்பவர் அந்தக் கறுப்புக் கோட்டைச் சந்தேகிப்பார். உலோகம் இல்லை என்று உறுதியான பிறகு, காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கலாம். ஆழத்தில் தொந்தரவில்லாமல் கிடக்கும் கண்ணாடித் துண்டைச் சில சமயம் அப்படியே விட்டுவிடுவார்கள். மரத்தை விட முடியாது, கிருமி கூடவே வரும். கண்குழியின் கூரை மெல்லிய எலும்பு, அதற்கு மேலே மூளை. இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறதே!

உங்கள் வராந்தாவில் பெஞ்சுக்குப் பெஞ்சு தானம் செய்தவர் பெயர் பொறித்திருக்கிறது. எங்கள் கோயில்காரர்கள் கொடுத்த பெஞ்சும் அதில் உண்டு. அடுத்த தடவை பெஞ்சு வேண்டாம், 'என்ன குத்தியது?' என்று கேட்க ஓர் ஆளைத் தானம் செய்கிறோம். சம்பளமும் நாங்களே தருகிறோம்.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். ஸ்கேன் வசதி உங்களிடம் இல்லை, மின்சாரமே நிலையாக இருப்பதில்லை என்பதெல்லாம் தெரியும். இல்லாவிட்டால் பரவாயில்லை. துருத்திக்கொண்டிருப்பதைப் பிடுங்காமல், கண்ணை அழுத்தாமல் மேலே ஒரு மூடி வைத்து, தடுப்பூசி போட்டு, அன்றைக்கே ரங்கூனுக்கு எழுதிக் கொடுங்கள். மரம், மூங்கில் என்றால் தைத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அவசரப் பிரிவுச் சுவரில் இதைப் பர்மிய மொழியில் எழுதி ஒட்டினால்கூடப் போதும்.

அப்புறம், பையனின் முதல் எக்ஸ்ரே படத்தையும் அன்றைய குறிப்பையும் ரங்கூன் டாக்டர் கேட்கிறார். அக்கா நேரில் வந்தால் தயவுசெய்து கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
பையனின் தாய்மாமன்