வீணை வாசிக்கும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

முழங்கால் வலி குறைந்து, மறுபடி சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி தினமும் சாயங்காலம் பியானோவில் உட்கார்ந்துவிடுகிறாள்.

அந்தப் பியானோவைப் பற்றி நீ கேட்டிருந்தாயே, தந்தியை விரலே தொடாத வாத்தியத்தில் பாவம் எங்கிருந்து வரும் என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஐப்பசி மழையில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழும்பாமல் ஒட்டிக்கொண்டன. சுருதி சேர்க்கும் ட்யூனர் வந்து முன்பலகையைக் கழற்றினார். இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு கட்டையை மெதுவா, ரொம்ப மெதுவா அடிவரைக்கும் அழுத்துங்க சார்" என்றார். அழுத்தினேன். சத்தமே வரவில்லை. ஏன் தெரியுமா? கட்டை, ஹேமரை, அதாவது தந்தியை அடிக்கும் சின்னச் சுத்தியலை, தந்திவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூரம் இருக்கும்போதே அதைத் தள்ளிவந்த சிறு நெம்புகோல் விலகிக்கொள்கிறது. மிச்சத் தூரத்தை ஹேமர் தன் வேகத்திலேயே கடந்து, தந்தியை அடித்து, உடனே பின்வாங்க வேண்டும். அங்கேயே அழுத்திக்கொண்டு நின்றால் தந்தியின் அதிர்வை அதுவே அமுக்கிவிடும்.

இந்த விலகலுக்கு வழி கண்டவர் இத்தாலியில் ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்து வாத்தியங்களைக் கவனித்துவந்த பார்த்தோலோமியோ கிறிஸ்தோஃபோரி. 1700 வாக்கில் செய்தார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்ட் என்ற கட்டை வாத்தியத்தில் இறகுத் துண்டு தந்தியை மீட்டும். எவ்வளவு அழுத்தினாலும் சத்தத்தின் அளவு பெரிதாக மாறாது. இவருடைய வாத்தியத்தில் விரலின் வேகம் ஹேமரின் வேகமாகிறது. 'பியானோ' என்றால் மென்மையாக, 'ஃபோர்ட்டே' என்றால் பலமாக, பெயரே அதுதான். அவர் 1720-ல் செய்த ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் இதில் வராது, ஒப்புக்கொள்கிறேன். தந்தியை இழுக்க வழியில்லை. அது பெரிய இழப்புதான். ஆனால் ஸ்வரம் எப்போது முடிய வேண்டும் என்பது விரலிடம் இருக்கிறது. கட்டையை எடுத்ததும் கம்பளி ஒட்டிய டேம்பர் தந்திமேல் படிந்து ஒலியை நிறுத்துகிறது. எங்கே எடுக்க வேண்டும் என்பதற்கே பேத்தியின் டீச்சர் பாதி வகுப்பைச் செலவிடுகிறார்.

அப்புறம், தந்தி மட்டும் அதிர்ந்தால் நமக்கு ஒன்றும் கேட்காது. உன் வீணையைப் போலவே இங்கும், தந்திகளைத் தாங்கி அதிர்வைக் கீழே கடத்தும் குதிரை உண்டு. உனக்குப் பலா மரக் குடம்; இதற்கு ஸ்ப்ரூஸ் மரப் பலகை, ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. பின்பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தாழ்ந்த மந்தர ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்தச் சொன்னேன். முழங்கை வரை அதிர்வு ஏறியது! 88 கட்டைகளுக்குச் சுமார் 230 தந்திகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 15 டன்னுக்கும் மேல். அதைத் தாங்கத்தான் உள்ளே அந்த வார்ப்பிரும்புச் சட்டம்.

அடி ஸ்வரங்களுக்குச் செம்பு சுற்றிய ஒற்றைத் தந்தி. நடுவிலிருந்து மேலே ஸ்வரத்துக்கு மூன்று. ட்யூனர் இரண்டை ரப்பர் ஆப்பு செருகி அடக்கிவிட்டு ஒன்றைச் சுருதி சேர்த்தார், பிறகு மற்றவற்றை அதோடு சேர்த்தார். அடித்தவுடன் மூன்றும் ஒன்றாக ஆடி, பலகைக்குச் சக்தியை வேகமாகக் கொடுத்துவிடுகின்றன. கொஞ்ச நேரத்தில் அவை எதிரெதிராக ஆடத் தொடங்கினால் குதிரை அவ்வளவாக அசைவதில்லை. மிச்ச ஒலி மெல்லியதாக, வெகுநேரம் நிற்கிறது. 1977-ல் கேப்ரியல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் இதை விளக்கி எழுதியிருக்கிறார். பியானோ பாடுவதுபோல் கேட்பது அந்த இரண்டாம் பகுதியில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மழை ஈரத்தில் பலகை உப்பி, குதிரையைத் தள்ளி, சுருதியே ஏறிவிட்டிருந்ததாம். கோடையில் உன் வீணையின் பித்தளை மெட்டுகளுக்கு அடியில் மெழுகு இளகுமே, அந்த மாதிரி.

மார்கழிக் கச்சேரிகளுக்கு வரும்போது இங்கேயே தங்கு. நடு ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒலி அடங்கும்வரை பேசாமல் கேள். உன் காதுக்கு என்ன கேட்டது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்