மெய்யம்மைக்கு: இரண்டு எண்களில் எது சரி?

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகள் மெய்யம்மைக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் ஆத்தா சீப்புச் சீடையும் மனகோலமும் டப்பாவில் அடைத்து வைத்துக்கொண்டு, உன் ஊர்ப் பக்கம் யார் வருகிறார்கள் என்று வீடுவீடாக விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

உன் செய்தியைப் படித்தேன். ஒரே வகைச் செல்லை நுண்குழாயால் உறிஞ்சினால் மென்மையாகவும், அணுவிசை நுண்ணோக்கியின் முனையால் அழுத்தினால் பல மடங்கு விறைப்பாகவும் காட்டுகிறது. எது சரி என்று கேட்கிறார்கள் என்கிறாய். இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், அந்தக் கேள்வியே சரியில்லை. எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்லைப் பல ஆய்வகங்கள் தத்தம் கருவிகளால் அளந்து 2018-இல் வெளியிட்ட கட்டுரையை நீதானே எனக்கு அனுப்பினாய்? விறைப்பைக் குறிக்கும் எண்ணான மீள்தன்மைக் குணகம் முறைக்கு முறை ஆயிரம் மடங்கு வரை மாறியது. அவர்கள் ஒருவரும் அளக்கத் தெரியாதவர்கள் அல்லர்.

நம் வீட்டு முகப்பில் இப்போது சுண்ணாம்புப் பூச்சு நடக்கிறது. கொத்தனார் கரணை நுனியால் தொட்டு, "மேலே இறுகிவிட்டது" என்றார். உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டு, "உள்ளே இன்னும் ஆறவில்லை" என்றார். இரண்டும் ஒரே சுவர்தான். உன் கூர்முனையும் அப்படித்தான், சவ்வுக்கு அடியில் பின்னிக் கிடக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலையைத்தான் பெரும்பாலும் உணர்கிறது. நுண்குழாயோ செல்லின் ஒரு பெரும்பகுதியையே உள்ளே இழுக்கிறது. வேகத்தையும் மறக்காதே. சட்டென்று அழுத்தினால் விறைத்துக் காட்டும் செல், நிதானமாக இழுத்தால் வழிந்து கொடுக்கும்.

இன்னொன்று. முனை அழுத்தியதிலிருந்து விறைப்பைக் கணக்கிட நீங்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு போடும் ஹெர்ட்ஸ் சூத்திரம் 1882-ஆம் ஆண்டுக்குரியது. ஒரே சீரான, முழு மீள்தன்மையுள்ள, முனை பதியும் ஆழத்தைவிட மிகத் தடித்த பொருளுக்கு அது பொருந்தும். செல் இதில் எதுவும் இல்லை. அதன் மெல்லிய ஓரத்தில் ஆழமாக அழுத்தினால் அடியிலுள்ள கண்ணாடியின் விறைப்பும் கணக்கில் சேர்ந்துவிடும்.

டி.என்.ஏ. பக்கம் போவதற்கு முன் பிரான்சிஸ் கிரிக் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? கோழிச் செல்களுக்குள் காந்தத் துகள்களைப் புகவிட்டு, காந்தப்புலத்தால் திருப்பி, செல்லின் உட்பொருள் எவ்வளவு நெகிழ்கிறது என்று பார்த்தார்! சக ஆய்வாளர் ஹியூஸுடன் சேர்ந்து அதை 1950-இல் எழுதினார். எனக்கு அவருடைய டி.என்.ஏ. இரட்டைச் சுருளைவிட இதுதான் பிடித்திருக்கிறது. உன் ஆத்தாவிடம் சொன்னேன், சிரிக்கிறாள்.

ஆகவே இரண்டு எண்களையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடாதே, அது யாருடைய விறைப்பும் ஆகாது. இரண்டையும் தனித்தனியே கொடு. முனையின் வடிவம், அழுத்திய ஆழம், வேகம், குழாயின் உள்விட்டம் எல்லாவற்றையும் பக்கத்திலேயே எழுது. நலம் குன்றிய செல்லையும் நல்ல செல்லையும் ஒப்பிடுவதானால் ஒரே கருவியில், ஒரே முறையில் ஒப்பிடு.

நீ அனுப்பிய அட்டவணையில் வெப்பநிலை இல்லையே. அளந்தது உடல் வெப்பமான 37 பாகை செல்சியஸிலா, அறை வெப்பத்திலா? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பச்சி