வாலியின் கையில் அம்பு: ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

மைச் சித்திரத்துக்கான உன் பென்சில் வரைவு கிடைத்தது. கம்பராமாயணத்தின் வாலி வதைப் படலத்தை எடுத்தது நல்ல தேர்வு. நீ பிடித்திருக்கும் கணம்தான் எனக்கு ஒப்பவில்லை. அம்பு தைக்கிற கணத்தை வரைந்தால் அது வெறும் சண்டைக் காட்சி. கம்பரில் துயரம் அதற்குப் பிறகு வருகிறது. வாலி அம்பைப் பறிக்கிறான். ரத்தம் அருவியாகக் கொட்டுகிறது. அதைப் பார்த்த சுக்கிரீவன் கண்ணீரோடு தரையில் விழுகிறான். வாலி அம்பை ஒடிக்கப் பார்க்கிறான், முடியவில்லை. அப்புறம்தான் அதில் பொறித்த பெயரைப் பார்க்கிறான். இராமன் இன்னும் எதிரே வரவில்லை, அதனால் அவனைப் படத்திலிருந்து எடுத்துவிடு.

கைகள் ஒடிக்கும் பிடியிலேயே இருக்கட்டும், கண் மட்டும் எழுத்துக்கு வந்திருக்கட்டும். இரண்டு கணமும் ஒரே உருவத்தில் அடங்கிவிடும். பெயரை நீ எழுத வேண்டாம். எழுத்து இருந்தால் பார்ப்பவர் அதை வாசித்துவிட்டு முகத்தை விட்டுவிடுவார். பெயர் உள்ள பக்கம் வாலியைப் பார்த்து இருக்கட்டும். நமக்கு அம்பின் முதுகு போதும். முகத்தில் வெறும் வலியை வரைந்துவிடாதே. சிரிப்பும் வந்தது, நாணமும் வந்தது என்கிறார் கம்பர். வாயோரம் சிரிப்பு, தாழ்ந்த இமை, சற்றே சாய்ந்த மகுடம், அவ்வளவுதான்.

ரத்தத்துக்குச் சிவப்பு மை வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். மார்பை அடர் கறுப்பாக்கி, அருவியைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடு. படத்திலேயே பெரிய வெள்ளை அதுவாக இருக்கட்டும்.

இனி மை வேலை. ஏ3 அளவில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஹாட் பிரஸ் தாள், அதாவது சூடாக அழுத்தி வழவழப்பாக்கிய கனத்த தாள் எடு. சாதாரணத் தாளில் மை நார் வழியே பரவி, கோட்டின் ஓரம் பிசிறடிக்கும். புது நிப்பில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால் மை உருண்டு நின்று திடீரென்று சொட்டும். இண்டியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதே, உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் நிப்பையும் சில நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கித் துடை.

வானர உடம்புக்கு வெளிக்கோடு போடாதே. மயிர்க்கோடுகளே உருவத்தைக் காட்டட்டும்: வேரில் அழுத்தி, நுனியில் தூக்கிவிடு, கோடு தசையின் வளைவோடு போக வேண்டும். நிழல் அடர்த்தியாக, முதலடுக்குக் கோடுகளுக்கு மேல் வரும் அடுத்த அடுக்கைச் சுமார் 30 டிகிரி சாய்த்துப் போடு. செங்குத்தாகக் குறுக்கே போட்டால் கொசுவலை மாதிரி தெரியும். முதலடுக்கு நன்றாகக் காயாமல் மேலே போனால் நிப் ஈரத் தாளைக் கீறி நாரைப் பெயர்த்துவிடும். அந்த இடம் கறையாகிவிடும். முழுக் கறுப்பைத் தூரிகையால் நிரப்பு, நிப்பால் தேய்க்காதே. விழுந்து கிடக்கும் சுக்கிரீவனுக்கு ஒற்றை அடுக்குக் கோடு போதும். அவன் இருண்டால் கண் அங்கே ஓடிவிடும்.

பின்னணிக்கு வாஷ், அதாவது நீர் கலந்த மைப் பூச்சு, வேண்டுமானால் ஒரு பங்கு மைக்குப் பத்துப் பங்கு காய்ச்சி வடித்த நீர். உப்புத் தண்ணீர் கலந்தால் மை திரிந்து மணல் மணலாகப் படியும். தனித் துண்டுத் தாளில் போட்டுக் காயவிட்டுப் பார், காய்ந்ததும் ஒரு படி வெளுக்கும். கனமான கறுப்பு மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் வாஷ் போடு. பென்சிலை அழிப்பதும் அப்போதுதான், வாஷுக்கு முன்னால். பிசையும் ரப்பரால் ஒற்றி எடு. தேய்த்தால் கறுப்பு மங்கும்.

கை தவறி அருவியில் மை விழுந்துவிட்டால் பதறாதே. முழுக்கக் காய்ந்த பிறகு புது பிளேடின் முனையால் மெல்லச் சுரண்டி, நகத்தின் முதுகால் தேய்த்து மட்டமாக்கு. அந்த இடத்தில் மறுபடி மை ஏற்றாதே, பரவும்.

முடிந்ததும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து அனுப்பு. ஃபோனில் எடுத்தால் மயிர்க்கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அன்புடன்,
ராஜு