எடைக்குப் போடுற லேப்டாப்பை பென்டிரைவ்ல ஓட்டலாம், தடைக்காலத்துல முகாம் வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் நெறைய வீட்ல பீரோ மேல ஒரு அரசு லேப்டாப் துணி சுத்திக் கெடக்கு. 2011ல ஆரம்பிச்ச திட்டத்துல அக்கா பிளஸ் டூ படிக்கும்போது வாங்குனது, இல்லன்னா அதுக்குப் பின்னாடி அண்ணன் வாங்குனது. இப்ப தம்பி காலேஜ் போறான், அவனுக்கு மெஷின் இல்ல, அசைன்மென்ட்ட போன்லயே டைப் அடிக்கிறான். வீட்ல ஒண்ணு இருக்கேன்னு கேட்டா "அது செத்துப் போச்சுண்ணே"ங்குறாங்க, கொஞ்ச நாள்ல பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயிடுது.

நான் இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குறவன். அதுல பாதிக்கு மேல சாகலைங்க, என்கிட்ட வர்ற மெஷினை வெச்சுத்தான் சொல்றேன். பின் மூடியக் கழட்டுனா கடல் பக்கத்து வீட்டு மெஷின்ல ராம்னு சொல்ற மெமரி அட்டையச் சொருகுற எடத்துல பச்சையாக் களிம்பு ஏறியிருக்கும், உப்புக்காத்து அப்படி. ராமைக் கழட்டி அழிரப்பர் வெச்சு மெதுவாத் தேச்சு திரும்பச் சொருகுனா ஸ்கிரீன் வந்துடும். அதுக்கு மேல ஹார்ட் டிஸ்க் டிக் டிக்குன்னு சத்தம் போட்டு நின்னா, போனது அந்த ஒரு பார்ட்தான், மத்ததெல்லாம் நல்லா இருக்கு. அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வெச்சுட்டு ஒரு பென்டிரைவ்ல லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலா மெஷின ஓட்டுற இலவச சாஃப்ட்வேர்) போட்டு அதுல இருந்தே பூட் பண்ணா, அதாவது மெஷினக் கெளப்புனா, ஓடும், சில நூறு ரூபா செலவு அவ்ளோதான். ஆனா இது நம்ம ஜனங்களுக்குத் தெரியவே இல்ல, யாரும் சொல்லிக் குடுக்கவும் இல்ல, அதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

வேலையும் பெருசில்ல. ஓடுற வேற ஒரு கம்ப்யூட்டர்ல லினக்ஸோட ஐஎஸ்ஓ ஃபைல (லினக்ஸ் மொத்தமும் அடங்குன ஒரே ஃபைல்) டவுன்லோட் பண்ணி, ரூஃபஸ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல பென்டிரைவக் காட்டி ஏத்தணும், பென்டிரைவ்ல ஏற்கனவே இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும்ங்கறத ஞாபகம் வெச்சுக்கணும். உபுன்டு மாதிரி சில லினக்ஸ் வகைக்கு ரூஃபஸ்ல பெர்சிஸ்டன்ட்னு ஒரு அளவு கேக்கும், அதுக்கு எடம் ஒதுக்கலன்னா நாம டைப் பண்ணதும் வைஃபை பாஸ்வேர்டும் ஒவ்வொரு தடவை ஆஃப் பண்ணும்போதும் போயிடும், "லினக்ஸ் எல்லாத்தையும் அழிச்சிருச்சு"ன்னு பசங்க விட்டுட்டு ஓடுறது பாதி இதனாலதான். அப்புறம் லேப்டாப்ப ஆன் பண்ண உடனே எஃப்12, சில கம்பெனில எஃப்9 இல்லன்னா எஸ்கேப் தட்டுனா எதுல இருந்து பூட் ஆகணும்னு கேக்கும், பென்டிரைவக் காட்டணும்.

பழைய அரசு லேப்டாப் பலதுல ராம் 2 ஜிபிதான், அதுல கனமான லினக்ஸ் போட்டா நகராது. பப்பி லினக்ஸ், ஆன்டிஎக்ஸ் மாதிரி லேசானது போடணும். பப்பி மொத்தமும் ஒரு ஜிபிக்குள்ள அடங்கும், பூட் ஆகும்போதே ராமுக்குள்ள ஏறி உக்காந்துக்கும், அதனால பென்டிரைவ் ஸ்லோவா இருந்தாலும் வேலை ஸ்பீடா நடக்கும், மொதத் தடவை ஷட்டவுன் பண்ணும்போது சேவ் பண்ணவான்னு அதுவே கேக்கும். ஆனா பிரவுசர்ல பத்து டேப் தொறந்தா 2 ஜிபி தாங்காது, அத மறைக்க விரும்பல. ஒரு டாக்குமென்ட் அடிக்க, பிடிஎஃப் படிக்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் போட தாராளமாப் போதும்.

விண்டோஸையே பென்டிரைவ்ல போடக்கூடாதான்னு எல்லாரும் கேக்குறாங்க. விண்டோஸ் டூ கோ-ன்னு மைக்ரோசாஃப்டே ஒண்ணு வெச்சிருந்தாங்க, 2020ல அத எடுத்துட்டாங்க. விண்டோஸ் 10க்கு சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது, 11 இந்தப் பழைய மெஷின்ல முறையா ஏறாது. லினக்ஸ்னா பயப்படவும் வேணாம், மொதல்ல குடுத்த அரசு லேப்டாப்ல விண்டோஸோட மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் செஞ்ச பாஸ் லினக்ஸும் சேத்துத்தான் வந்துச்சு, தொட்டுப் பாத்தவங்கதான் கம்மி.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாச் சொல்லணும். பென்டிரைவ்ல முழுசா இன்ஸ்டால் பண்றேன்னு யூடியூப் பாத்து எறங்குற பிள்ளைங்க, ஹார்ட் டிஸ்க் நல்லா இருக்கற மெஷின்ல வெச்சுப் பண்ணாதீங்க. எந்த டிஸ்க்குன்னு கேக்கும்போது மாத்திக் காட்டிட்டா அப்பா அம்மா போட்டோல இருந்து எல்லாம் போயிடும். சரியாக் காட்டுனாலும் சில இன்ஸ்டாலர் பூட் ஃபைல மட்டும் உள்ள இருக்கற டிஸ்க்ல எழுதிடுது, அப்புறம் பென்டிரைவ் இல்லாம அந்த மெஷின் கெளம்ப மாட்டேங்குது. ஹார்ட் டிஸ்க்கக் கழட்டிட்டுப் பண்ணா இந்த வம்பே இல்ல. ஓடிக்கிட்டு இருக்கும்போது பென்டிரைவப் புடுங்கவும் கூடாது. அதுல இருக்கற முக்கியமான ஃபைலுக்கு இன்னொரு காப்பி வேற எடத்துல வெச்சுக்கணும், ஏன்னா பென்டிரைவும் தேயுற பொருள்தான்.

மாவட்ட நூலகத்துறைக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் உங்க பத்திரிகை மூலமா நான் கேக்குறது இதான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், மே மாசம் பள்ளிக்கூடமும் லீவு, வீட்ல எல்லாரும் இருப்பாங்க. அப்ப ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டின்னு கடலோரத்துல இருக்கற கிளை நூலகங்கள்ல ஒரு நாள் முகாம் வைங்க. பாலிடெக்னிக், இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைங்கள உக்கார வெச்சா அவங்களுக்கும் பழக்கம் ஆகும். ஐஎஸ்ஓ ஃபைல முன்னாடியே டவுன்லோட் பண்ணி வெச்சுட்டா அன்னைக்கு நெட் கூடத் தேவையில்ல. நானும் சம்பளம் வாங்காம வந்து நிக்கத் தயார், என்னை மாதிரி சர்வீஸ் பாக்குற மத்தவங்களையும் கூப்பிடுறேன்.

வர்றவங்க லேப்டாப்போட சார்ஜரையும் மறக்காம எடுத்துட்டு வரணும், இந்த மெஷின்ல பேட்டரி எல்லாம் எப்பவோ போயிருக்கும். பென்டிரைவ் 16 ஜிபி போதும், 32 ஜிபி இருந்தா நல்லது. ரொம்பக் கம்மி விலைக்கு 512 ஜிபின்னு விக்கிறத வாங்கிடாதீங்க, அளவு பொய்யா இருக்கும், அதுல போட்ட ஃபைல் பாதியில காணாமப் போகும். முகாம் தேதி முடிவானா மாணவர் பக்கத்துல போட்டு உதவணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்கும் ஒரு வாசகர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.